பழைய ஸ்வெட்டர், கால் மிஷின், தோடர் சால்வை: பொழுதுபோக்கா, குப்பை சேர்ப்பா?

கேள்வி (செப்டம்பர் 12)

குன்னூருக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டால் வெளியே போக வழியில்லை. இருட்டியதும் ஊரே அடங்கிவிடுகிறது. பின்னல் கற்றுக்கொள்ளலாம், பழைய சாமான் கடைகளில் எதையாவது தேடிப் பிடித்துப் பழுது பார்க்கலாம் என்று ஆசை. கணவரோ, "கைவேலைப் பொருள் வாங்குவது காசுக்காரர்கள் வேலை, பழைய பொருள் வாங்குவது குப்பை சேர்க்கும் வேலை, இரண்டுமே நமக்கு வேண்டாம்" என்கிறார். வாடகை வீட்டில் இருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கு இதெல்லாம் ஒத்துவருமா?

செப்டம்பர் 12, இரவு

ஒத்துவரும். உங்கள் கணவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் இருக்கிறேன். எங்கள் வீட்டு நாற்காலி, தையல் மிஷின், ஊறுகாய் ஜாடி, இப்போது நான் போட்டிருக்கும் ஸ்வெட்டரின் நூல், எல்லாமே வேறொருவர் வீட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவை. ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். வாங்கிய பொருளை உடனே பயன்படுத்தத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் அதைப் பழுது பார்க்க உட்கார வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அது வேறு வீட்டுக்குப் போய்விட வேண்டும். "அழகாக இருக்கிறதே, எதற்காவது உதவும்" என்று வாங்கியது எதுவும் எங்கள் வீட்டில் இதுவரை எதற்கும் உதவியதில்லை.

செப்டம்பர் 13

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் ஸ்வெட்டர் என்பேன். மலையில் மலிவாகக் கிடைக்கும் கச்சாப் பொருள் அதுதான். புது நூல் வாங்குகிற காசில் பழைய ஸ்வெட்டர் ஒன்றை வாங்கிப் பிரித்தால் ஓர் ஆளுக்குப் போதுமான நூல் கிடைத்துவிடும்.

வாங்குவதற்கு முன் உட்புறத்தைத் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். ஓரத்தில் ஓவர்லாக் (வெட்டிய விளிம்பைச் சுற்றி மிஷினில் போடும் தையல்) அடித்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அது பின்னிய துணியை வெட்டித் தைத்த ஸ்வெட்டர். பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகக் கையோடு வந்துவிடும். விளிம்பு வெட்டப்படாமல் இரண்டு பக்கமும் சங்கிலித் தையலால் சேர்க்கப்பட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். அந்தச் சங்கிலியில் சரியான முனையைப் பிடித்துவிட்டால் கை முதல் இடுப்பு வரை ஒரே இழுப்பில் திறந்துகொள்ளும். தவறான முனையைப் பிடித்தால் ராத்திரி முழுக்கக் கத்தரிக்கோலும் கண்ணாடியுமாக உட்கார வேண்டியதுதான்.

நூலைப் பிரிக்கப் பின்னல் முடிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது கழுத்து, தோள் பக்கமாக இருக்கும். கீழ் விளிம்பிலிருந்து இழுத்தால் சிக்கிக்கொண்டு நிற்கும். வருகிற நூல் இடியாப்பம் போலச் சுருண்டிருக்கும், பயப்பட வேண்டாம். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் வேறு நிற நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்துத் தொங்கவிடுங்கள். கீழே சின்னதாக ஓர் எடை. காய்ந்ததும் நேராகிவிடும். "காய்ந்ததும்" என்று சொல்லிவிட்டேன். குன்னூர் மூடுபனியில் அது எப்போது காயும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

செப்டம்பர் 15

கம்பளியா அக்ரிலிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். லேபிளை நம்ப வேண்டாம், பழைய ஸ்வெட்டர்களில் பாதிக்கு லேபிளே இருப்பதில்லை. உட்பக்கத் தையலிலிருந்து சிறு துண்டு நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை விலக்கினால் அணைந்துவிடும். சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கெட்டியான கருமணியாக நிற்கும். தட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள். உருகிச் சொட்டுவது கையில் பட்டால் தோலோடுதான் வரும்.

செப்டம்பர் 15, சற்றுப் பிறகு

எழுதிய சூட்டில் ஒரு துண்டை எரித்துப் பார்த்தேன். யாருடைய தலைமுடி எரிகிறது என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். கம்பளிதான்.

செப்டம்பர் 21

ஊசி எண் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பார்த்து "10-ஆம் எண் ஊசி" என்று போட்டு, குழந்தைக்குத் தொடங்கிய ஸ்வெட்டர் அப்பாவுக்குச் சரியாக வந்ததாக ஒருவர் புலம்பியிருக்கிறார். நம் கடைகளில் கிடைக்கும் எண்கள் பழைய பிரிட்டிஷ் கணக்கு. எண் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்கக் கணக்கு தலைகீழ், அங்கே 10 என்பது 6 மில்லிமீட்டர் தடி. எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.

ஊசி வாங்க ஊர் ஊராக அலையவும் வேண்டாம். குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் கேத்தியில் 1949 முதல் ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. போனி மார்க் ஊசிகள் அங்கிருந்துதான் வெளிநாடுகளுக்கெல்லாம் போகின்றன. என் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து எனக்குப் பரிசாக ஊசி வாங்கி வந்தார். தலையில் போனி என்று இருந்தது. மலை இறங்கி, கடல் கடந்து, சுங்கம் கட்டி, மறுபடி மலையேறி வந்த ஊசி. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 4

தோடர் சால்வை விலை பகல் கொள்ளை என்று எழுதியவருக்கு.

கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். நீங்கள் சீசனில் ஊட்டிக்கு வந்து, ஒரு சால்வையைக் கையில் எடுத்து, விலையைக் கேட்டு, வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். வாங்காமல் போனது உங்கள் உரிமை. ஆனால் "துணி இவ்வளவு, நூல் இவ்வளவு, ஆக இவ்வளவுதான் பெறும்" என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறீர்களே, அதில் கைக்கு இடமே இல்லை.

தோடர் பெண்கள் அந்தப் பூவேலையைச் செய்யும்போது துணியில் கோடு கிடையாது, அச்சு கிடையாது, சட்டம் கிடையாது. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலை ஓட்டுகிறார்கள். ஓர் இழை தவறினால் கோலம் முழுக்கச் சாயும். நாம் "பின்பக்கம்" என்று நினைக்கிற, நூல் சற்றே மேடிட்டு நிற்கிற பக்கத்தைத்தான் அவர்கள் மேற்பக்கமாக உடுத்துகிறார்கள். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி அது, உங்களுக்காக உருவான சுற்றுலாப் பொருள் அல்ல. 2013-இல் இந்த எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

எனக்கு இந்த விலை எப்போது புரிந்தது என்றால், ஸ்வெட்டர் பிரிக்கத் தொடங்கிய பிறகு. ஒரு வரிசையை உருவ ஒரு நொடி போதும். அதே வரிசையைத் திரும்பப் பின்னும்போதுதான் முதலில் பின்னியவரின் நேரம் கண்ணில் படுகிறது. பழைய பொருளைத் தேடி அலைகிற பழக்கமும் கைவேலையை மதிக்கிற பழக்கமும் என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான். எப்படிச் செய்தார்கள் என்று பிரித்துப் பார்த்தவர்கள் விலையைக் கேட்டுச் சிரிப்பதில்லை. வாங்கக் காசில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம், அது கௌரவமான பதில். நானும் முழுச் சால்வை வாங்கியதில்லை. சின்னதாக ஒரு பை வைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டு வைக்க.

அக்டோபர் 5

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதே சிவப்பு, கறுப்புக் கோலத்தை மிஷினில் தைத்த நகல்களும் விற்பனைக்கு வருகின்றன. இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். மிஷின் வேலை என்றால் அடியில் பாபின் நூல் (மிஷினின் கீழ்நூல்) தனியாகத் தெரியும், தையல் துணியின் மேல் ஒட்டவைத்தது போல உட்கார்ந்திருக்கும். கைவேலையில் நூல் துணியின் இழைகளுக்கு ஊடே போய் வந்திருக்கும், துணியும் பூவும் தனித்தனியாகத் தெரியாது.

அக்டோபர் 19

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. மண்சரிவால் மலை ரயில் நிறுத்தம். சுவரெல்லாம் ஈரம். இந்தப் பருவத்தில் பழைய புத்தகம், தோல் பெட்டி எதையும் வாங்காதீர்கள். வாங்கும்போது வாசனை தெரியாது, வீட்டுக்குள் வைத்து மூன்றாம் நாள் பூஞ்சணம் அலமாரி முழுக்கப் பரவியிருக்கும். கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போகிற ஆசையை ஜனவரி வரை அடக்கிவைத்திருக்கிறேன்.

உட்கார்ந்த இடத்தில் ஒயர் கூடை போடுகிறேன். சிவன் கண் முடிச்சு கைக்குப் பழகிவிட்டது, நெல்லிக்காய் முடிச்சில் இன்னும் தடுமாற்றம். பள்ளிக்கூடத்துக் கைத்தொழில் வகுப்போடு போய்விட்டது என்று நினைத்த வேலை இது. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குக் கட்டுப்பாடு முன்பே வந்துவிட்டது, 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதுமே தடை. மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் கையில் ஒயர் கூடை திரும்பி வந்துவிட்டது. அந்த ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், பிளாஸ்டிக்தான். என் அம்மா போட்ட கூடையில் இன்றும் காய் வாங்குகிறேன்.

அக்டோபர் 20

உண்ணிச்செடி நாற்காலியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே என்கிறார் கூடலூர்க்காரர் ஒருவர். அவர் சொல்வது சரி, நான் மறந்திருக்கக் கூடாது. அழகுச் செடியாகக் கப்பலேறி வந்து முதுமலைக் காட்டையே வளைத்துக்கொண்ட செடி. அதன் தண்டை வேகவைத்து, தோலை உரித்து, வளைத்து நாற்காலி செய்கிறார்கள். பிரம்பு என்று நினைத்து ஏமாந்து போகலாம், அவ்வளவு நேர்த்தி. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் அதே தண்டில் செய்த நிஜ அளவு யானை உருவங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் போய் நின்றன. நாற்காலி எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கூடலூர்க்காரரே எழுதினால் நல்லது.

நவம்பர் 2

பேரம் பேசலாமா என்ற கேள்வி. செய்தவரிடமே வாங்கும்போது பேசுவதில்லை. பழைய சாமான் கடையில் பேசுவேன், அங்கே பேரமும் பொருளின் ஒரு பகுதி.

நவம்பர் 3

நேற்று எழுதியது இரவு முழுக்க உறுத்தியது. வெலிங்டன் மேட்டில் மழையில் சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற பழைய பேப்பர்காரரும் பழைய சாமான் விற்பவர்தான். அவரிடம் ஐந்து ரூபாய்க்கு வாய் வலிக்கப் பேசிவிட்டுச் சால்வைக்கு மட்டும் மரியாதை காட்டுவது என்ன நியாயம்? ஆகவே என் விதியை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: "ஆன்டிக்" என்று பலகை போட்ட கடையில் மட்டும் பேரம்.

அங்கே கண்ணையும் திறந்து வைத்திருங்கள். புதுப் பித்தளையை மருந்து தடவிக் கறுக்கவைத்து நூறு வருடத்துச் சாமான் என்பார்கள். உண்மையான தேய்மானம் கை படுகிற இடத்தில் இருக்கும். செம்பின் விளிம்பு, கரண்டிக் காம்பு, மணியின் கொக்கி. கை போகாத பள்ளங்களில் அழுக்கு இருக்கும், மேடுகள் வழவழவென்று இருக்கும். எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது போன மாதத்துப் பழமை. பழைய பித்தளைப் பாத்திரத்தில் உள்ளே வெள்ளீயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்காதீர்கள், அலங்காரத்துக்கு மட்டும் வையுங்கள். வண்ணம் தீட்டிய பழைய பீங்கான் தட்டிலும் சாப்பிட வேண்டாம், அந்தக் காலத்து வண்ணத்தில் காரீயம் இருக்கலாம்.

நவம்பர் 9

ஜாடியில் ஒட்டியிருக்கும் லேபிள் போகவில்லை என்றவருக்கு: நீலகிரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? பஞ்சில் யூகலிப்டஸ் தைலம் நனைத்து ஐந்து நிமிடம் வைத்துத் துடையுங்கள். பசை மொத்தமும் வந்துவிடும். சளியும் போகும்.

நவம்பர் 16

கால் மிஷின் கதையைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், எழுதுகிறேன்.

மிஷின் குன்னூரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது. சிங்கர். சக்கரம் அசையவே இல்லை. துருப்பிடித்து இறுகிவிட்டது, இரும்பு விலைக்குப் போடுங்கள் என்று பழுது பார்ப்பவர் ஒருவர் கை கழுவிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து மேல் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் துரு இல்லை. பற்சக்கரங்களின் நடுவே வெண்மஞ்சளாக மெழுகு மாதிரி ஏதோ இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். தேங்காயெண்ணெய்! யாரோ நல்ல மனதோடு வருடக்கணக்காகத் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார்கள். சமவெளியிலேயே அது பிசினாகிவிடும். இங்கே பாட்டிலிலேயே உறைந்து நிற்கிற எண்ணெய் மிஷினுக்குள் போய் என்ன செய்யும்?

மண்ணெண்ணெயை ஒவ்வொரு துளையிலும் விட்டு, ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல மெல்ல அசைத்தேன். முதலில் ஒரு விரற்கடை. மறுநாள் கால் சுற்று. பிறகு திடீரென்று கழன்று முழுச் சுற்று சுற்றியது. கறுப்புத் தண்ணீராக வழிந்ததைத் துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன், அது மட்டும்தான் விட வேண்டும். தோல் பெல்ட் புதிதாக மாட்டினேன்.

இந்த மாடலில் வட்டப் பாபின் கிடையாது. நீளமான குச்சி போன்ற பாபின், படகு வடிவ ஷட்டிலுக்குள் படுத்துக்கொள்கிறது. ஷட்டில் முன்னும் பின்னும் ஊஞ்சலாடி நூலைப் பிடிக்கிறது. தகட்டை நகர்த்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நான் தைத்ததில் தலையணை உறை கோணலாகிவிட்டது. வீட்டுக்காரர் அந்த உறையில்தான் படுக்கிறார், புகார் இல்லை.

நவம்பர் 17

"சிங்கர் என்றாலே லட்சக்கணக்கில் போகும்" என்று எழுதியவரே, தயவுசெய்து இந்த வதந்தியைப் பரப்பாதீர்கள். கோடிக்கணக்கில் செய்த மிஷின் அது. அடித்தகட்டில் ஓர் எண் இருக்கும், 1900-க்குப் பிந்தையவற்றில் முன்னால் எழுத்தும் சேர்ந்திருக்கும். அதை வைத்து எந்தத் தொழிற்சாலை, எந்தக் காலம் என்று கண்டுபிடித்துவிடலாம். என்னுடையது ஸ்காட்லாந்தில் கிளைட்பாங்க் ஆலையில் பிறந்தது. அந்த ஆலையே 1980-இல் மூடப்பட்டுவிட்டது. விற்றால் ஒரு நல்ல குக்கர் வாங்கலாம், அவ்வளவுதான். தைத்தால் இன்னும் ஐம்பது வருடம் ஓடும்.

டிசம்பர் 28

கம்பளித் துணியை அரிக்கும் பூச்சி பற்றி. ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி, ஸ்வெட்டரை வெளியே வைத்தால் பூச்சி செத்துவிடாதா என்கிறார் ஒருவர். சாகாது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய கம்பளியை வாங்கியதும் காற்றுப் புகாத பையில் கட்டி, பிரிட்ஜின் உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். மீன் பக்கத்தில் வைக்காதீர்கள். கம்பளி வாசனையைப் பிடித்துக்கொள்ளும், நான் வைத்திருந்த பக்கத்தில் நெய்மீன் இருந்தது.

ஜனவரி 6

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, கணவருக்கு மப்ளர் பின்னி முடித்ததாகவும், "பாதி உண்மை என்றீர்களே, எந்தப் பாதி" என்றும் கேட்டிருக்கிறார். விடமாட்டார் போலிருக்கிறது.

குப்பை என்ற பாதிதான். ஆனால் அவர் நினைக்கிற குப்பை இல்லை. பழைய நாற்காலி இடத்தை அடைக்கும், ஆனால் உட்காரவிடும். வீட்டை விழுங்குவது கைவேலைக்கென்று சேர்க்கிற கச்சாப் பொருள்தான். பிரித்துப் பின்னாமல் கிடக்கும் நூல், ஜாடி ஜாடியாகப் பொத்தான், "பிறகு பார்க்கலாம்" என்று வைத்த துணித் துண்டுகள், கோத்தகிரியில் வாங்கிய தேன்மெழுகு. மர நாற்காலிக்குப் பூசவும் தைக்கிற நூலை இழுத்துவிடவும் அந்த மெழுகு நல்லதுதான், ஆனால் ஒரு பாளம் பத்து வருடத்துக்குக் காணும், நான் எதற்கு மூன்று வைத்திருக்கிறேன்? என் கட்டுப்பாடு வாங்கிய பொருளுக்கு மட்டும்தான் இருக்கிறது, பிரித்த நூலுக்கு இல்லை. அந்த ஓட்டையை நான் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

ஆகவே விற்பனை அல்ல, வினியோகம்: பழுப்பு நிறக் கம்பளி நூல் ஐந்து கண்டு, பூச்சி இல்லாதது, நெய்மீன் வாசனை இல்லாதது. ஊட்டியில் படச்சுருள் ஆலை ஓடிய காலத்து ‘இந்து’ மார்க் போட்டோ காகித அட்டைப்பெட்டி ஒன்றில் நிறையப் பொத்தான். பெட்டியைத் தரமாட்டேன், பொத்தான் மட்டும். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு யாராக இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். படகு ஷட்டிலுக்கான நீளப் பாபின் யாரிடமாவது மிச்சம் இருந்தால் கொண்டுவாருங்கள், நூலுக்குப் பதிலாக வாங்கிக்கொள்கிறேன்.